கதிரைச் சத்தமும் நான் சொன்ன பூனையும்

மச்சான்,

பாரிஸில், லா சப்பலில் பிரதி எடுக்கும் கடையின் இயந்திரத்திலிருந்து அந்தத் தாள் சூடாக வெளியே வந்தபோது முதலில் தெரிந்தது உன் கையெழுத்து அல்ல. ஓர் உணவகத்தின் மதியச் சாப்பாட்டுப் பட்டியல். வெங்காய சூப், சுட்ட கோழி, அப்பிள் கேக், எல்லாம் பின்பக்கத்திலிருந்து தலைகீழாக ஊறித் தெரிந்தன. நீ கோப்பை கழுவிய இடத்தில் பழைய பட்டியல்களை எறியமாட்டார்கள் என்று அடிக்கடி சொல்வாய். அதில் ஒன்றின் முதுகில்தான் எழுதியிருக்கிறாய். பிறகுதான் உன் எழுத்துகள் கண்ணில் பட்டன. மழைக்கு ஒதுங்கிய கோழிகள் மாதிரி ஒன்றையொன்று நெருக்கியடித்துக்கொண்டு நின்றன.

கடைக்காரத் தம்பி தாளை நீட்டும்போது எட்டிப் பார்த்தார். "என்ன அண்ணை, அமெரிக்காவிலையிருந்து ஈமெயில் எண்டு சொன்னியள். இது தமிழெல்லோ?"

"ஓம். முப்பது வருசமா அமெரிக்காவிலைதான் இருந்தது," என்றேன்.

அங்கே நின்று வாசிக்கத் தைரியம் வரவில்லை. மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன். மேம்பாலத்தில் மெற்றோ இரைந்துகொண்டு போனது. வாழைப்பூவும் முருங்கைக்காயும் வாங்க வந்த சனம் இடித்துக்கொண்டு போனது. நீ செத்து இரண்டு வருடமாகிறது. இத்தனை நாளும் உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்ததை இனி உனக்குச் சொல்லி என்ன பயன் என்று கேட்பாய். தெரியாது. ஆனாலும் கேள்.

மூன்று கிழமைக்கு முன் என் தபால்பெட்டிக்கு ஒரு கடிதம் வந்தது. அதே கட்டடம், அதே பெட்டி, பூட்டுத்தான் புதிது. உனக்கு இங்கே தங்க விசா கிடைக்காதிருந்த அந்த ஏழு வருடமும் பெட்டியில் என் பெயர் மட்டும்தான் ஒட்டியிருந்தது. உனக்கு வந்ததெல்லாம் என் பெயரின் கீழே வந்து, என் கையால்தான் உனக்குக் கிடைத்தது. இப்போது வந்த கடிதம் அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் வேலைசெய்யும் பெண் எழுதியது. நாங்கள் முன்பு கடிதம் எழுதிய உன் கசெற் பாடகி காலமாகிவிட்டாராம். அவருடைய கடிதங்கள் முழுவதையும் குடும்பத்தார் நூலகத்துக்குக் கொடுத்துவிட்டார்களாம். வந்தவை, அவர் அனுப்பியவற்றின் பிரதிகள், எல்லாவற்றையும் பெட்டி பெட்டியாகப் பிரித்து அடுக்குகிறார்கள். ஒரு கோப்பில் பாரிஸிலிருந்து போன நான்கு கடிதங்கள் இருக்கின்றன. மூன்று ஆங்கிலம். நான்காவது அவர்களால் வாசிக்க முடியாத மொழியில். உறையில் இந்த முகவரி இருந்ததால் எழுதுகிறோம், மொழிபெயர்க்க உதவுவீர்களா என்று மரியாதையாகக் கேட்டிருந்தாள். ஓம் என்று எழுதினேன், அந்த நான்காவதை ஈமெயிலில் அனுப்பிவைத்தாள்.

அந்தக் கோப்புக்கு அவர்கள் ஒரு தலைப்பும் வைத்திருக்கிறார்கள். "போரில் தமக்கையை இழந்த தமிழ் அகதியின் கடிதங்கள்."

உன் அக்கா, மச்சான். பாரிஸுக்கு வெளியே ஓல்னே-சூ-புவாவில் நாலாம் மாடியில், மின்தூக்கி பழுதாகும்போதெல்லாம் முழு பிரான்சையும் திட்டிக்கொண்டு, முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு உயிரோடு இருக்கிற உன் அக்கா.

அவவை அந்தப் பெட்டிக்குள் கொண்டுபோய்ப் படுக்கவைத்தது நான்தான்.

உனக்கு நினைவிருக்கும், அந்தக் கசெற்றை உன் உணவகச் சமையல்காரர் தந்தது. அவர் புது றேடியோ வாங்கியதும் பழைய கசெற்றுகளைக் கழித்துவிட்டார், நீ ஒரு பை நிறைய அள்ளிக்கொண்டு வந்தாய். மற்றதெல்லாம் உனக்குப் பிடிக்கவில்லை. இந்தப் பெண்ணின் கசெற் மட்டும் நாடா தேயும்வரை ஓடியது. ஒரு குரல், ஒரு கிற்றார், வேறொன்றும் இல்லை. மதியச் சாப்பாடு முடிந்து மாலை வேலை தொடங்கும்வரை உனக்குக் கிடைக்கிற மூன்று மணித்தியாலத்திலும் கட்டிலில் மல்லாந்து கிடந்து அதைக் கேட்பாய். ஆங்கிலம் ஒரு சொல் தெரியாது. ஆனால் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை கூடவே பாடுவாய். அந்தச் சொற்கள் உலகத்தில் எந்த மொழியிலும் இல்லாதவை.

ஒரு பாட்டில், கடைசிப் பகுதிக்கு முன்னால், ஒரு கதிரை கிறீச்சிடும். அவர் ஒரு கணம் நிறுத்துவார். மூக்கால் மெல்லச் சிரிப்பார். பிறகு பாட்டைத் தொடர்வார். நீ அந்த இடத்தைத் திரும்பத் திரும்பச் சுற்றிப் போடுவாய்.

"மச்சான், இதிலை ஆரோ வருகினம். வடிவாக் கேள். கதிரை கத்துது, அவ சிரிக்கிறா. ஆர் வந்தது எண்டு கேட்டு ஒரு கடிதம் எழுதித் தாவன்."

"உதையே எழுதுறது?"

"வேறை என்னத்தை எழுதுறது? பாட்டு நல்லாயிருக்கெண்டு எல்லாரும்தான் எழுதுவினம்."

கசெற் மட்டையில் இசைத்தட்டு நிறுவனத்தின் முகவரி இருந்தது. நான் பேனாவை எடுத்தேன். நான் அப்போது என்ன வேலை செய்துகொண்டிருந்தேன் என்பதை நீ மறந்திருக்கமாட்டாய். பகலில் கடையில் பெட்டி இறக்குவேன். மிச்ச நேரத்தில் சனத்துக்குக் கேஸ் எழுதுவேன். அகதி விண்ணப்பத்துக்குத் தங்கள் கதையைச் சொல்லத் தெரியாதவர்கள் என் முன்னால் வந்து இருப்பார்கள். பெரும் துயரத்தைக்கூட இரண்டு வசனத்தில் சொல்லிவிட்டுக் கையைப் பிசைவார்கள். "இது காணாது அண்ணை, இன்னும் வேணும்," என்பேன். நடந்ததைத்தான் எழுதினேன், பெரும்பாலும். ஆனால் அழுத்தி எழுதினேன். மெலிந்த கதைகளுக்கு நிராகரிப்புக் கடிதம் வந்ததைப் பார்த்துப் பார்த்து, எந்தக் கதையைக் கண்டாலும் இது காணாது என்றே என் கை நினைக்கும். நான் எழுதினால் வாசிக்கிறவன் கண்ணைத் துடைப்பான் என்று ரூ பஜோல் கடைத்தெரு முழுக்கப் பேச்சு. அந்தப் பெயர் எனக்கு நன்றாகத்தான் இருந்தது.

உன் கதிரைக் கேள்வி எனக்குக் காணவில்லை. அமெரிக்காவில் பெயர்பெற்ற ஒரு பாடகிக்கு, ஒரு நாட்டை விட்டு ஓடிவந்தவன் எழுதுகிற கடிதம் இதுவா என்று பட்டது. எங்களை விசரர் என்று நினைப்பார் என்று வெட்கமாகவும் இருந்தது. அதே கிழமை ஒருவருக்குக் கேஸ் எழுதியிருந்தேன். அவருடைய தமக்கை ஷெல் விழுந்து செத்தவள். அவர் அழுதுகொண்டு சொன்னதெல்லாம் என் கொப்பியில் அப்படியே இருந்தது. அந்தச் சாவைத் தூக்கி உன் அக்காவின் தலையில் வைத்தேன். உங்கள் பாட்டைக் கேட்கும்போதெல்லாம் என் அக்காவின் குரல் கேட்கிறது என்று எழுதினேன். கதிரையைப் பற்றி ஒரு சொல் இல்லை.

"எல்லாம் எழுதிப்போட்டியோ?" என்று கேட்டாய்.

"ஓம், வடிவா எழுதியிருக்கு."

கீழே கையெழுத்து வைத்தாய். நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு, ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையைப் போல.

பதில் வருமென்று நான் நினைக்கவில்லை. வந்தது. இரண்டு தாள், இரண்டு பக்கமும், கையால் எழுதியது. தன் தம்பி ஒரு போருக்குப் போய்த் திரும்பி வரவில்லை என்று எழுதியிருந்தார். அதைப் பற்றி இதுவரை எவருக்கும் எழுதியதில்லை என்றும், உன் கடிதத்தை வாசித்த பிறகு எழுதலாம்போல் இருந்தது என்றும் எழுதியிருந்தார். நீ கட்டில் நுனியில் இருந்துகொண்டு என் வாயையே பார்த்தபடி இருந்தாய்.

"என்னவாம்? கதிரை என்னவாம்?"

"பூனையாம்," என்றேன்.

எங்கிருந்து அந்தப் பூனை வந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. வாயில் வந்தது. "பாடிக்கொண்டிருக்கேக்கை பூனை கதிரையிலை பாய்ஞ்சு ஏறினதாம்."

"பூனையோ!" என்று தொடையில் அடித்துச் சிரித்தாய். அன்று வேலைக்குப் போகும்வரை சிரித்தாய். அடுத்த கடிதத்தில் பூனை என்ன நிறம் என்று கேட்கச் சொன்னாய். நான் அதைக் கேட்கவில்லை, அவருடைய தம்பியின் சாவுக்கு உன் பெயரில் ஆறுதல் எழுதினேன். பதில் வந்ததும் சாம்பல் நிறமாம் என்றேன். மூன்று கடிதம் இப்படியே போய் வந்தன. ஒரு பக்கம் செத்துப்போனவர்களைப் பற்றி அவர் மனதைத் திறந்துகொண்டிருந்தார். மறுபக்கம் நீ தேர் பார்க்கப் போன இடத்தில், தேங்காய் உடைக்கிற சனத்துக்கு நடுவில் நின்று, அமெரிக்கப் பூனையின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாய். நடுவில் இருந்தவன் நான்.

இதில் எனக்கு மிகவும் வலிப்பது எதுவென்றால், மச்சான், அவருடைய தம்பியைப் பற்றி உனக்குச் சொல்லாமல் விட்டதுதான். செத்தவீடு என்று காதில் விழுந்தாலே, முன்பின் தெரியாதவர்களுடைய வீடென்றாலும் பொபினிக்குப் போய்க் கதிரை அடுக்கிக் கொடுக்கிறவன் நீ. அந்த மனுசிக்கு நீ என்ன எழுதச் சொல்லியிருப்பாய் என்று நினைத்துப் பார்க்கிறேன். நான் எழுதியவற்றைவிடச் சின்னதாக இருந்திருக்கும். உண்மையாகவும் இருந்திருக்கும்.

பிறகு உனக்கு விசா வந்தது. அக்காவும் வந்து சேர்ந்தா. விமான நிலையத்திலிருந்து நேரே அறைக்குக் கூட்டிவந்து, தேநீர்கூடக் கொடுக்காமல் கசெற்றைப் போட்டாய். கதிரை கிறீச்சிட்டதும் விரலை உயர்த்தினாய். "இதுதான் அக்கா, பூனை!" அக்கா பயணக் களைப்போடு சிரித்தா. நீ என் பக்கம் திரும்பினாய். "மச்சான், அக்கா வந்திட்டா எண்டு அவவுக்கு எழுது. சந்தோசப்படுவா."

எப்படி எழுதுவது? நான் சாகடித்தவ என் கட்டிலில் இருந்து சிரித்துக்கொண்டிருந்தா.

எழுதுகிறேன் எழுதுகிறேன் என்று மாதக்கணக்கில் இழுத்தேன். நீ அக்காவோடு ஓல்னேக்குக் குடிபோனாய். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வரும்போதெல்லாம் கேட்டாய். கடைசியில் ஒருநாள், எழுதினேன், பதில் வரவில்லை, அவர் நிறுத்திவிட்டார்போல என்று சொன்னேன். நீ கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மெல்லக் கேட்டாய்:

"நான் ஏதும் பிழையா எழுதிப்போட்டனோ?"

அப்போது சொல்லியிருக்கவேண்டும். வாயில் சோறு இருந்தது. விழுங்கிவிட்டு, "சீச்சீ, பெரிய ஆக்கள் அப்பிடித்தான்," என்றேன்.

அதற்குப் பிறகு அவரிடமிருந்து இரண்டு கடிதங்கள் என் பெட்டிக்கு வந்தன. உனக்குத் தரவில்லை. முதலாவதை உடைத்து வாசித்தேன். "உன் சொந்த எழுத்தில் நீ அனுப்பியது கிடைத்தது. வாசிக்க முடியவில்லை. சமையலறைச் சுவரில் குத்தி வைத்திருக்கிறேன். நலமாக இருக்கிறாயா?" என்று இருந்தது. அன்றுதான் நீ எனக்குச் சொல்லாமல் தமிழில் எழுதிப் போட்டிருக்கிறாய் என்று தெரிந்தது. அவருடைய வீட்டு முகவரியைப் பழைய உறையிலிருந்து பார்த்து எழுதி, பதிலுக்குப் பழையபடி என் பெட்டியையே போட்டிருப்பாய். எல்லாம் கண்டுபிடித்துவிட்டாய், என்னைக் காட்டிக்கொடுத்து எழுதியிருக்கிறாய் என்றே நினைத்தேன். இரண்டு கடிதங்களையும் சூட்கேசின் அடித்துணிக்குக் கீழே வைத்துத் தைத்தேன். இரண்டாவதைப் பிரிக்கவேயில்லை. அன்றிலிருந்து நீ என் முகத்தை நேராகப் பார்க்கும்போதெல்லாம், இன்றைக்குக் கேட்கப்போகிறான் என்று பேச்சை மாற்றுவேன். சாகும்வரை நீ கேட்கவேயில்லை.

ஆஸ்பத்திரியில், கடைசிக் கிழமை, தொலைபேசியில் அந்தப் பாட்டைப் போடச் சொன்னாய். வெளியே நல்ல வெயில். கதிரை கிறீச்சிட்ட இடத்தில் உன் வாய் ஓரம் அசைந்தது. "பூனை," என்றாய். நாங்கள் இரண்டு பேர்தான் அறையில் இருந்தோம். சொல்லியிருக்கலாம். நான் உன் போர்வையை இழுத்துவிட்டேன்.

நேற்று அந்தத் தாளையும் எடுத்துக்கொண்டு, சூட்கேசின் தையலைப் பிரித்து அந்த இரண்டு கடிதங்களையும் எடுத்துக்கொண்டு, அக்காவிடம் போனேன். வழக்கம்போலச் சோறு போட்டா. விளைமீன் குழம்பு. உன் தாளைக் கொடுத்தேன். "அவன்ரை எழுத்தெல்லோ!" என்று கண்ணாடியைத் தேடி எடுத்து, வாய்விட்டு வாசித்தா. நான் அதை முதன்முதலாகக் கேட்டது உன் அக்காவின் குரலில்தான்.

"அன்புள்ள அம்மாவுக்கு, நான் நலம், உங்கள் நலத்தையும் வேண்டுகிறேன். உங்களிடம் தமிழ் வாசிக்கிற ஆள் இருக்கோ தெரியாது. எனக்கு இங்கிலீஷ் தெரியாது. என் சிநேகிதனுக்கு இப்போது வேலை கூட. அவனைக் கரைச்சல்படுத்த விருப்பமில்லாமல் நானே எழுதுகிறேன். முந்தின கடிதங்களில் ஏதும் பிழை இருந்தால் மன்னியுங்கள். இருக்க நியாயமில்லை. என் சிநேகிதன் நான் சொல்வதை ஒன்றும் கூட்டாமல் குறைக்காமல் அப்படியே எழுதுகிறவன். என் அக்கா வந்துவிட்டா. உங்கள் பாட்டைக் கேட்டா. பூனை வருகிற இடத்தில் சிரிக்கிறா. பூனை சுகமா?"

மேலே மூலையில் பென்சிலால் அந்தப் பாடகி ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். வாசிக்க ஆளைத் தேட வேண்டும், எறியக் கூடாது.

அக்கா சிரித்துக்கொண்டே அழுதா. "பூனையைக்கூடச் சுகம் விசாரிச்சிருக்கிறான் பார்," என்றா. நீ ஒன்றையுமே கண்டுபிடித்திருக்கவில்லை, மச்சான். நான் முப்பது வருடம் பயந்தது உன் நம்பிக்கைக்கு. அதற்கு மேல் அந்தச் சோற்றைத் தின்ன முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன்.

அக்கா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தா.

"நான் எப்பிடிச் செத்தனான்?"

"ஷெல் விழுந்து, அக்கா."

"அது ஆற்றை சா?"

"கேஸ் எழுத வந்த ஒராளின்ரை அக்கா."

"அந்தப் பிள்ளைக்கு என்ன பேர்?"

எனக்கு நினைவில்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லை. அவளுடைய சாவு வசனம் வசனமாக மனப்பாடம், பெயர் இல்லை. அக்கா என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுதமாட்டேன்.

"என்னைச் சாகடிச்சுப்போட்டு, எத்தினை ஞாயிற்றுக்கிழமை என்ரை கையாலை திண்டிருப்பாய்?" என்றா. பிறகு, "பூனை?"

"அதுவும் நான் சொன்னதுதான்."

எழுந்து என் சோற்றுக் கோப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனா. தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. "அதையாவது எனக்கு விட்டிருக்கலாம்," என்று உள்ளேயிருந்து சொன்னா.

புறப்படும்போது கதவைப் பிடித்துக்கொண்டு நின்றா. "அந்தக் கடிதத்தை இங்கிலீசிலை எழுதிக் குடுக்கப்போறியோ?"

"ஓம், அக்கா."

"உன்னைப் பற்றி அவன் எழுதினதையும் எழுது. ஒண்டும் கூட்டாதை, குறைக்காதை." பார்த்துப் போ என்று ஒவ்வொரு முறையும் சொல்கிறவ, நேற்றுச் சொல்லவில்லை. பாடகியின் இரண்டு கடிதங்களையும் மேசையில் விட்டுவந்தேன். வாசித்துக் காட்டவா என்று கேட்டேன். "நீ வேண்டாம்," என்றா. பேத்தியிடம் கொடுத்து வாசிப்பிக்கப்போகிறாவாம்.

இன்று காலை அதை எழுதத் தொடங்கினேன். உன் கடிதம் ஆங்கிலத்தில் அரைப் பக்கம்கூட வரவில்லை. பத்து நிமிட வேலை. அந்த ஒரு வரிக்கு மட்டும் மத்தியானமாகிவிட்டது. என் சிநேகிதன் நான் சொல்வதை அப்படியே எழுதுகிறவன். அதை விட்டுவிட்டாலும் அமெரிக்காவில் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. இல்லாவிட்டால் கொஞ்சம் மெல்லியதாக, என் சிநேகிதன் நன்றாக எழுதுவான் என்று மாற்றலாம். கை அதைத்தான் கேட்டது. எழுதினேன், நீ சொன்னபடியே. கூடவே இன்னொரு தாளில், முதல் மூன்று கடிதங்களையும் எழுதியது நான், அவை பொய், இவருடைய தமக்கை உயிரோடு இருக்கிறார், கோப்பின் தலைப்பை மாற்றுங்கள், செத்தது வேறொரு பெண், அவள் பெயரை நான் மறந்துவிட்டேன் என்று எழுதினேன். அவ்வளவுதான். இது காணாது, மன்னிப்பு, சூழ்நிலை, அந்தக் காலம் என்று இன்னும் போடு என்று கை துடித்தது. காணும் என்று பேனாவை மூடினேன்.

கடிதத்தைப் போட்டுவிட்டு வந்து அந்தப் பாட்டைக் கேட்டேன். இப்போது தொலைபேசியிலேயே கிடைக்கிறது, நாடா சுற்றத் தேவையில்லை. கதிரை கிறீச்சிட்டது. அவர் நிறுத்தினார், சிரித்தார். முப்பது வருடத்தில் இன்றைக்குத்தான் நான் அதைக் காதுகொடுத்துக் கேட்டேன். நீ சொன்னது சரி, யாரோ வருகிறார்கள். அவருடைய தம்பியாக இருக்குமோ என்றுகூட ஒரு கணம் நினைத்தேன், உடனே நிறுத்திக்கொண்டேன். அதுவும் நான் கட்டுகிற கதைதான்.

அவரும் இல்லை, நீயும் இல்லை. அந்தக் கதிரையில் யார் வந்து இருந்தது என்று எனக்குத் தெரியாது, மச்சான். கேட்டு எழுதச் சொன்னாய். நான் கேட்கவில்லை.